ஓ குரூப் என்பதால் இன்சுலின் ஒத்துக்கொள்ளாதா?

கேள்வி:
எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். 11 வருடமாக ஊசி. போன மாதம் இன்சுலினை மாற்றினார்கள். அதிலிருந்து போட்ட இடம் பட்டாணி அளவுக்குச் சிவந்து தடிக்கிறது, அரிப்பு வேறு. மறுநாள் சாயங்காலம்தான் அடங்குகிறது. "நீ ஓ குரூப், அதான் உடம்பு எதிர்க்குது" என்கிறார் மைத்துனர். அம்மாவும் ஓ குரூப்தான், இன்சுலின்தான் போடுகிறார், அவருக்கு ஒன்றுமில்லையே! நிஜமாகவே தொடர்பு உண்டா?

பதில் 1:
மைத்துனரை விடுங்கள். ஏ, பி, ஓ என்பது சிவப்பணு மேலிருக்கும் சர்க்கரைச் சங்கிலியில் உள்ள வித்தியாசம். இன்சுலினோ 51 அமினோ அமிலங்களால் ஆன புரதம். உங்கள் ரத்தத்தில் உள்ள ஆன்டி-ஏ, ஆன்டி-பி என்ற எதிர்ப்புப் புரதங்கள் அதன் பக்கமே போகாது. டைப் 1-க்குப் பெரிதாகச் சம்பந்தப்பட்டவை எச்எல்ஏ எனும் நோய் எதிர்ப்பு மரபணுக்கள். அவை 6ஆம் குரோமோசோமில். ரத்த வகை மரபணு 9-இல். இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

பதில் 2:
நான் மாட்டு இன்சுலின் காலத்து ஆள். மனித இன்சுலினிலிருந்து அது 3 அமினோ அமிலம் மாறுபடும், பன்றியுடையது 1. எதிர்ப்பு அதிகம். என் தொடையில் கட்டைவிரல் பதியும் குழியே விழுந்தது! மனித இன்சுலினுக்கு மாறியபின் மெல்ல நிரம்பியது. உங்களுக்கு இன்சுலினே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கூடக் கலந்திருக்கும் மெட்டாகிரெசாலோ (கெடாமல் காப்பது) புரோட்டமினோ (இன்சுலினை மெல்ல வேலை செய்ய வைக்கும் புரதம்) இருக்கலாம். டப்பாவைப் படியுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உடம்பெல்லாம் தடித்தாலோ மூச்சு திணறினாலோ உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். மெட்டாகிரெசால் பழையதிலும் இருக்கிறது. புரோட்டமின் புதிதில் மட்டும்! இரண்டு டப்பாவோடும் நாளை டாக்டரிடம் போகிறேன்.