பத்து மணி நேரச் சட்டம்: ஆண்களின் வேலை நேரத்தை எதில் தேடுவது?

பிரிட்டன் பஞ்சாலைகளின் 1847 பத்து மணி நேரச் சட்டம் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன், மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். சட்டம் பெண்களுக்கும் 13 முதல் 18 வயதினருக்கும் மட்டும்தான். 1848 மே முதல் பத்து மணி நேரம். ஆனால் முதலாளிகள் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்தி ஆலையை நீண்ட நேரம் ஓட்டினார்கள், 1850 பிப்ரவரியில் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. எவ்வளவு பெரிய அநியாயம்! அப்புறம்தான் அதே ஆண்டு புதுச் சட்டம் வந்தது.

நாடாளுமன்ற விவாதங்களைப் பார்த்துவிட்டேன். அரசின் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்த லெனார்ட் ஹார்னரின் அறிக்கைகளையும் படித்தேன். வயது வந்த ஆண்களின் நேரம் எனக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை.

1848–1850இல் இங்கிலாந்தின் பஞ்சாலைப் பகுதியான லங்காஷயரில் ஆண் தொழிலாளர்கள் உண்மையில் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதை எந்த வகை ஆவணத்தில் தேடலாம்?