குவில்ற்றிங்: 'அடுக்குத்தையல்' என்ற முன்மொழிவு

அன்புடையீர்,

துணி அடுக்குகளை ஒருசேர ஊடுருவித் தைக்கும் குவில்ற்றிங் (quilting) என்பதற்குத் தமிழில் பஞ்சுத்தையல், ஒட்டுத்தையல் என்னும் இரு சொற்களை நண்பர்கள் முன்வைத்துள்ளனர். கிளிநொச்சியில் எங்கள் தையல் வகுப்பில் உட்புறம் மென்மயிர் கொண்ட பின்னற்சட்டையான பழைய சுவெற்சேட்டைக்கொண்டு (sweatshirt) தைக்கப்படும் மேற்சட்டைக்கு இவ்விரண்டுமே பொருந்தவில்லை.

வெளிநாட்டு உறவினர் பொதியில் அனுப்பும் தடித்த சுவெற்சேட்டுகள் வன்னி வெயிலில் அலுமாரியிலேயே கிடக்கின்றன. முன்புறம் திறந்த மேற்சட்டையாக மாற்றிவிட்டால், காலபோக நெல் முற்றும் தைமாதப் பனியில் வயற்காவலுக்குச் செல்வோர்க்கு அவை மிகவும் உதவும். சுவெற்சேட்டை முதலில் கழுவிச் சுருங்கவிட்டு, கழுத்திலும் கைமுனையிலும் இடுப்பிலும் உள்ள இழுபடும் பட்டிகளை வெட்டி நீக்குகிறோம். அது பின்னல் துணியாதலால், முன்புற நடுக்கோட்டின் இருமருங்கிலும் தையல் ஓட்டிய பின்னரே அக்கோட்டை வெட்ட வேண்டும். இல்லையேல் வெட்டிய விளிம்பு இழுபட்டு அலையலையாகிவிடும். பக்க மூட்டுகளையும் கைகளின் கீழ்மூட்டையும் பிரித்ததும் சட்டை தட்டையாக விரியும். ஒரு பருத்தித் துண்டை அதன்மேல் பரப்பி, அடுத்த துண்டை அதன் விளிம்பில் முகம் கவிழ்த்து வைத்துத் தைத்துப் புரட்டி அழுத்தி, இவ்வாறே முழுவதையும் மூடுகிறோம். ஒவ்வொரு தையலும் துண்டுகளையும் சட்டையையும் ஒருசேர ஊடுருவுவதுடன் சட்டையைச் சற்று உள்ளிழுக்கவும் செய்வதால், ஓரளவு பெரிய சுவெற்சேட்டையே தெரிவு செய்ய வேண்டும். இறுதியில் மூட்டுகளை மீண்டும் தைத்து, விளிம்புகளுக்குச் சாய்வாக வெட்டிய பட்டியை இடுகிறோம்.

இங்கே பஞ்சு எங்கும் இல்லை. சுவெற்சேட்டின் உட்புறத்து மென்மயிரே காற்றைத் தேக்கிச் சூட்டைக் காக்கிறது. ஒட்டுத்தையல் என்பதோ துண்டுகளை இணைப்பதை மட்டுமே குறிக்கும். ஒற்றைத் துணியை மேலே பரப்பியும் குவில்ற்றிங் செய்யலாம் என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது.

துன்னல் என்ற பழஞ்சொல் என்னை மிகவும் ஈர்த்தது. சங்க இலக்கியமான பொருநராற்றுப்படை, பொருநன் என்னும் கலைஞனின் கந்தலை 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்' என்கிறது. துன்னுதலுக்கு நெருங்குதல், தைத்தல் ஆகிய இரு பொருள்களும் உண்டு. ஆயினும் அங்கே அது கிழிசலைத் தைத்தலையே சுட்டுகிறது. மேலும், அகராதியைப் புரட்டாமல் எங்கள் மாணவியர்க்கு அது விளங்காது.

ஆகவே அடுக்குத்தையல் என்பதை முன்மொழிகிறேன். அடுக்குகளை ஊடுருவித் தைத்தலே இத்தொழிலின் உயிர். நிரப்பும் பொருள் எதுவாயினும் சொல் பிழைபடாது. மேலடுக்கு, இடையடுக்கு, கீழடுக்கு, அடுக்குத்தையல் மேற்சட்டை என்பனவும் அதிலிருந்து இயல்பாகப் பிறக்கின்றன. எங்கள் மேற்சட்டையில் இடையடுக்கும் கீழடுக்கும் சுவெற்சேட் ஒன்றேயாகும். பல வரிசைத் தையல் என்று இதனைச் சிலர் பிழையாகப் பொருள்கொள்ளக்கூடும் என்பதை ஏற்கிறேன். அதற்கு வரிசைத்தையல் என்ற தனிச்சொல்லை ஒதுக்கலாம்.

கீழ்த்துணியுடன் மேற்துணியையும் சமமாக நகர்த்தும் மெசின் பாதத்துக்கும் சொல் வேண்டும். நகர்பாதம் எனலாமா? தையல் தொழிலில் உள்ளோர் கருத்துரைக்க வேண்டுகிறேன்.