ரூல் அவுட் கன்கஷன்னு எழுதியிருந்தா எஸ்06.0 போடலாமா?

தாம்பரம்_கோடர்:
வணக்கம், நான் யுஎஸ் ஆஸ்பத்திரிங்களோட ஈடி (எமர்ஜென்சி) சார்ட்ட படிச்சு நோய்க்கும் அடிக்கும் ஐசிடி கோட் போடற வேல பண்றேன், ஒன்றரை வருஷம் ஆச்சு. செப்டம்பர் வந்தா அங்க ஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் (ஹெல்மெட் போட்டு மோதி ஆடறது) சீசன், 15, 16 வயசு பசங்க சார்ட்டா வந்து குவியும். நேத்து ஒண்ணு, ஹெல்மெட்டோட ஹெல்மெட் மோதி விழுந்திருக்கான், தலைவலி, ரெண்டு தடவ வாந்தி, எத்தனாவது குவார்ட்டர் ஆடுனோம்னே ஞாபகம் இல்ல, சிடி ஸ்கேன் நார்மல். டாக்டர் கடைசில எழுதினது "ஹெட் இஞ்சுரி, ரூல் அவுட் கன்கஷன்", அதாவது தலையில அடி, கன்கஷன் (மூளை அதிர்ச்சி) இருக்கான்னு சந்தேகம், உறுதி ஆகல. நான் கன்கஷன் கோடான எஸ்06.0 போட்டேன், க்யூஏ (நம்ம கோட செக் பண்றவங்க) எரர் குடுத்து எஸ்09.90ன்னு, அதாவது என்ன வகைன்னு சொல்லாத தலை அடின்னு மாத்திட்டாங்க. எரர் போனா போகுது, ஆனா அந்தப் பையன் கணக்குல வெறும் "தலையில அடி"ன்னு போயிட்டானேன்னு மனசு கேக்கல. நான் பண்ணது தப்பா?

சீனியர்_அக்கா:
க்யூஏ சொன்னது சரிதான்ப்பா. அவுட்பேஷன்ட்ல (அட்மிட் ஆகாத கேஸ்ல) ரூல் அவுட், ப்ராபபிள், சஸ்பெக்டட்னு இருந்தா அந்த டயக்னோசிஸ தொடக் கூடாது, இன்பேஷன்ட் ரூல் வேற, ஈடிக்கு அது வராது. சிம்ப்டம் எவ்ளோ தெளிவா இருந்தாலும் நோய முடிவு பண்றது டாக்டர்தான், நம்ம இல்ல. சிடி நார்மல்ங்கறதாலயும் கன்கஷன் இல்லன்னு ஆயிடாது, சிடில அது தெரியாது. உங்க ப்ராஜெக்ட்ல கொயரி (டாக்டர்கிட்ட விளக்கம் கேட்டு எழுதறது) இருந்தா அனுப்பு. "கன்கஷன்னு போடுங்க"ன்னு கேக்காத, அது லீடிங் ஆயிடும் (பதில நம்மளே சொல்லிக் குடுத்த மாதிரி), சார்ட்ல இருக்கற சிம்ப்டம எடுத்துச் சொல்லி ஃபைனல் டயக்னோசிஸ் என்னன்னு மட்டும் கேளு. அப்படியே நினைவு தப்புச்சா இல்லையான்னும் கேட்டுடு, கன்கஷன்னு உறுதியாகி அது மட்டும் தெரியாமப் போனா 2022 அக்டோபர்ல வந்த எஸ்06.0எக்ஸ்ஏ இருக்கு, ஆனா தெரிஞ்சு போடறதுதான் நல்லது.

மதுரை_பாய்:
அக்கா சொன்னதோட ஒண்ணு. டயக்னோசிஸ் டாக்டர் கைல, ஆனா எக்ஸ்டர்னல் காஸ் கோட் (அடி எப்படி, எங்க பட்டுச்சுன்னு சொல்றது) நம்ம கைல ப்ரோ. ஒய்93.61 டேக்கிள் ஃபுட்பால், டபிள்யூ21.81 ஹெல்மெட் அடி, ஒய்92.321 ஃபுட்பால் கிரவுண்டு. பணத்துக்கு சம்பந்தமில்லன்னு நிறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம், ஏன்னா ஒய்93 மாதிரி ஆக்டிவிட்டி கோட் (அடிபட்டப்ப என்ன பண்ணிட்டு இருந்தான்னு சொல்றது) முதல் விசிட்ல ஒரே ஒரு தடவதான் போடணும், ஈடில விட்டா விட்டதுதான், அப்புறம் விளையாட்டுல பட்ட அடின்னு டேட்டால தேடறவங்க கண்ணுக்கு அந்தப் பையன் சிக்கவே மாட்டான்.

கிரிக்கெட்_பிரியன்:
கோடர் தப்பும் இல்ல டாக்டர் தப்பும் இல்லாத கேஸும் உண்டு. 2019 ஆஷஸ், லார்ட்ஸ்ல ஆர்ச்சர் பால் ஸ்மித்துக்கு கழுத்துல பட்டுச்சு, கன்கஷன் டெஸ்ட் பாஸ் ஆகி திரும்ப வந்து பேட்டிங்கும் பண்ணாரு, மறுநாள்தான் சிம்ப்டம் வந்து லபுஷேன் சப்ஸ்டிட்யூட்டா இறங்கினாரு. முதல் நாள் சாயங்காலமே அவர் சார்ட் நம்மகிட்ட வந்திருந்தா கழுத்துல அடின்னுதான் போட்டிருப்போம். ஈடி டேட்டாவ மட்டும் வச்சு கன்கஷன் எண்றவங்க இந்த மாதிரி ஆளுங்கள எப்படிப் பிடிப்பாங்க?

தாம்பரம்_கோடர்:
ரொம்ப நன்றி அக்கா, ப்ரோ. கொயரி போட்டு சார்ட்ட ஹோல்டுல வச்சிருக்கேன். ஆக்டிவிட்டி கோட் இந்த மாசம் நாலு சார்ட்ல நானே விட்டிருக்கேன், இன்சூரன்ஸ் க்ளைம் போயிடுச்சு, நாளைக்கு லீட்கிட்ட திருத்த முடியுமான்னு கேக்கறேன்.