மறு: லேட்டன்சிக்கு ஒரு சொல் (திங்கள் அச்சுக்குப் போகிறது)

கோத்தகிரி:
எல்லோருக்கும் வணக்கம். மாலை வகுப்புக் கையேட்டில் ஆறாம் பாடம் மட்டும் பாக்கி. மேகக் கணிமையில் வாடகைக்கு எடுத்த வட்டு ஒழுங்காக ஓடுகிறதா என்று கண்காணிப்பதுதான் பாடம். ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை படிப்பு–எழுத்துச் செயல்), த்ரூபுட் (நொடிக்கு எவ்வளவு தரவு), லேட்டன்சி (ஒரு கோரிக்கை போய் விடை வரப் பிடிக்கும் நேரம்), க்யூ (கோரிக்கைகளின் வரிசை), பர்ஸ்ட் பேலன்ஸ் (கொஞ்ச நேரம் வேகம் கூட்டிக்கொள்ள மிச்சமிருக்கும் இருப்பு) என்று ஐந்துக்கும் தமிழ்ச்சொல் வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். பர்ஸ்ட் பேலன்ஸ் 'வெடிப்புச் சமநிலை' ஆகிவிட்டது, லேட்டன்சி 'மறைநிலை'. என் மாணவர்களில் பாதிப்பேர் பிளஸ் டூ முடித்துவிட்டு எஸ்டேட் லைனிலிருந்து வருகிறவர்கள். அவர்களிடம் போய் மறைநிலை கூடிவிட்டது என்றால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. முதலில் லேட்டன்சியை மட்டும் முடித்துக் கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

குன்னூர்:
அம்மா, மறைநிலையை அப்படித் தள்ளிவிட வேண்டாம். லத்தீன் மூலத்தில் லேட்டன்சிக்கு ஒளிந்திருத்தல் என்றே பொருள். நம் இயற்பியல் பாடநூல் 'உள்ளுறை வெப்பம்' என்று எழுதுவதும் இதே வேரிலிருந்து வந்த சொல்லைத்தான். பனிக்கட்டி உருகும்போது வாங்கிக்கொள்ளும் வெப்பம் வெப்பமானியில் தெரியாது, உள்ளே உறைந்துகொள்ளும். உள்ளுறை என்பதோ தொல்காப்பியம் கண்ட சொல். 'உள்ளுறை நேரம்' என்று வைத்தால் வேரும் பொருந்தும், மரபும் நிற்கும். இன்னொரு வழியும் உண்டு. காத்திருப்பதற்கு நம் இலக்கணத்தில் பெயர் 'இருத்தல்', முல்லையின் உரிப்பொருள். அப்படிப் பார்த்தால் 'இருத்தல் நேரம்'.

கூடலூர்:
ஐயா, மலைமேல் உட்கார்ந்துகொண்டு முல்லைக்குப் போவானேன்? அந்தக் கணக்கில் வரிசை நீண்டால் இரங்கல் என்று நெய்தலுக்கும் இறங்க வேண்டியிருக்கும். வட்டில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஒரு கோரிக்கை போகிறது, விடை வருகிறது, இடையில் ஒரு மில்லி நொடி. அவ்வளவுதான். அக்கா, பேசாமல் 'தாமதம்' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்கு வாருங்கள்.

கொடைக்கானல்:
> பேசாமல் 'தாமதம்' என்று போட்டுவிட்டு

இல்லை தம்பி. பழனி பஸ் தாமதம் என்றால், வரவேண்டிய நேரம் ஒன்று இருந்தது, அதைத் தாண்டிவிட்டது என்று பொருள். லேட்டன்சி அப்படியல்ல. வட்டு அருமையாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் அது உண்டு. வரைபடத்தின் மேல் 'தாமதம்: 1 மி.நொ.' என்று இருந்தால் மாணவர் கோளாறு என்று நினைத்துப் புகார் எழுதுவார்.

குன்னூர்:
தவிர, தாமதம் நம் சொல்லே இல்லை. சாத்துவிகம், ராசதம், தாமதம் என்ற முக்குணங்களில் மூன்றாவது. சோம்பலைக் குறித்த வடசொல்லை நேரக் கணக்குக்கு இழுத்து வந்திருக்கிறோம். 'சுணக்கம்' இருக்கும்போது இது எதற்கு? சுணங்கு என்பது சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனியில் படரும் தேமல், வேங்கைப் பூவோடு ஒப்பிடுவார்கள். மேனி வாடுவது, பிறகு சோர்வது, பிறகு பிந்துவது. பொருள் எப்படி நகர்ந்திருக்கிறது பாருங்கள்.

கூடலூர்:
அந்தச் சுணங்கும் இந்தச் சுணங்கும் ஒன்றுதானா ஐயா? தேமலிலிருந்து சர்வருக்கு வருவது கொஞ்சம் தூரமாகத் தெரிகிறது. ஆனால் சொல் எனக்குப் பழக்கம்தான். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் எங்களுடையது. 'சுணங்காமல் வா' என்று பாட்டி கத்துவது தெருமுனை வரை கேட்கும். சிக்கல் என்னவென்றால், இங்கே செய்தித்தாளில் 'பணிகளில் சுணக்கம்' என்று வந்தால் யாரோ மெத்தனமாக இருந்தார்கள் என்றுதான் படிப்போம். கொடைக்கானல் அக்கா தாமதத்துக்குச் சொன்ன குறை இதற்கும் பொருந்தும்.

மஞ்சூர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மேகம் என்பதை 'மஞ்சு' என்று மாற்றினால் எங்கள் ஊருக்கும் பெருமை. அது கிடக்கட்டும், பர்ஸ்ட் பேலன்ஸ் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்தவன். புனல்மின்சாரத்தில் பீக் நேரத்துக்கு மெஷினை முழு வேகத்தில் ஓட்டுவோம், மற்ற நேரத்தில் அணையில் தண்ணீர் சேரவிடுவோம். அமேசானின் ஜிபி2 வகை வட்டும் இதையேதான் செய்கிறது. ஒரு ஜிபிக்கு நொடிக்கு 3 செயல் என்பது வரத்து. 100 ஜிபி வட்டுக்கு 300. தேவைப்பட்டால் 3000 வரை திறந்துவிடலாம். முழுக் கொள்ளளவு 54 லட்சம் செயல். நொடிக்கு 3000 போய் 300 வந்தால் நிகரமாகக் குறைவது 2700. ஆக 2000 நொடி, அதாவது அரைமணிக்குக் கொஞ்சம் மேல். அப்புறம் 300தான். சும்மா விட்டால் மறுபடி நிரம்ப 5 மணி நேரம். இதற்குக் 'கையிருப்பு' என்ற சொல் போதும். 'கையிருப்பு 40 விழுக்காடு' என்றால் யாருக்குப் புரியாது?

கோத்தகிரி:
மஞ்சூர் ஐயா, கையிருப்பு அப்படியே கையேட்டுக்குப் போகிறது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை, இந்தக் குழுவில் நான் பார்க்காத காட்சி. மஞ்சு மட்டும் வேண்டாம். இப்போது லேட்டன்சி!

கொடைக்கானல்:
சொல்லைத் தேடும் முன் அது எந்த இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்று பார்ப்போம். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி ஒன்று இருக்கிறது. நொடிக்கு முடியும் செயல்களை ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும் நேரத்தால் பெருக்கினால், உள்ளே சராசரியாக எத்தனை நிற்கின்றன என்று கிடைக்கும். நொடிக்கு 3000, ஒவ்வொன்றுக்கும் 1 மில்லி நொடி என்றால் வரிசையில் 3. மஞ்சூர் ஐயாவின் கையிருப்பு தீர்ந்து 300க்கு இறங்கிய பிறகும் செயலி அதே 3 கோரிக்கையை வரிசையில் வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் 10 மில்லி நொடி. வட்டு கெட்டுப்போகவில்லை. வரிசையின் நீளம்கூட மாறவில்லை. பயனருக்கு மட்டும் பத்து மடங்கு மெதுவாகிவிட்டது. இதை மாணவர் வரைபடத்தில் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் பாடமே. அதனால் 'காத்திருப்பு நேரம்' என்றும் எழுத முடியாது. லினக்சில் வட்டின் ஓட்டத்தைப் பார்க்க உதவும் ஐஓஸ்டாட் கட்டளை காட்டும் அவெய்ட் என்ற எண்ணில் வரிசையில் நின்ற நேரமும் வேலை நடந்த நேரமும் கலந்தே வரும்.

'எவ்வளவு நேரம் ஆகும்?' என்று எல்லோரும் கேட்கிறோம் இல்லையா, அதையே வைத்துக்கொள்ளலாம்: 'ஆகுநேரம்'. கணக்குப் போடுவதும் அப்படித்தான். படிக்க ஆன மொத்த நேரத்தைப் படித்த எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஆகுநேரம். இதில் பழியும் இல்லை, பாராட்டும் இல்லை. கூடினால் கூடியது, குறைந்தால் குறைந்தது.

கூடலூர்:
எனக்குச் சம்மதம். சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை.

குன்னூர்:
வினைத்தொகை என்ற அளவில் குறையில்லை, வல்லினமும் மிகாது. ஆகுபெயரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள், அது பரவாயில்லை. என் மறுப்பு வேறு. சோறு வேகவும் நேரம் ஆகிறது, மேட்டுப்பாளையம் இறங்கவும் நேரம் ஆகிறது. எதற்கும் பொருந்தும் சொல் கலைச்சொல் ஆகாது. புரிந்தால் போதும் என்று போனால் கடைசியில் 'லேட்டு' என்று எழுதுவோம்.

கூடலூர்:
அப்படிப் பார்த்தால் 'வேகம்' என்பதும் பொதுச்சொல்தான் ஐயா. இயற்பியல்காரர்கள் ஒரு வரையறை எழுதி வைத்துவிட்டுப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதல் இடத்தில் வரையறையையும் லேட்டன்சியையும் சேர்த்து எழுதிவிட்டால் தீர்ந்தது. வேலைக்குப் போனால் திரையில் அந்தச் சொல்லைத்தான் பார்க்கப் போகிறார்கள். வேற்றுச்சொல்லைத் தமிழெழுத்துக்குள் அழைத்துவரத் தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறதே.

குன்னூர்:
அது வடசொல்லுக்குச் சொன்ன விதி, தம்பி.

மஞ்சூர்:
ஆகுநேரத்துக்கு என் வாக்கு. ஆனால் வட்டு என்கிறீர்களே, இது வட்டமாகவா இருக்கிறது?

கொடைக்கானல்:
ஐயா, தயவுசெய்து அதைக் கிளறாதீர்கள். வால்யூமும் 'தொகுதி', பிளாக்கும் 'தொகுதி' என்று ஒரு கையேட்டில் பார்த்தேன். 'தொகுதிச் சேமிப்புத் தொகுதி' என்று வரி முழுக்கத் தொகுதி, தேர்தல் அறிவிப்பு மாதிரி இருந்தது. 'கொள்கலன்' என்றால், கண்டெய்னருக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட டாக்கர்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பயனர் அதை வட்டாகத்தான் பார்க்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும்.

கோத்தகிரி:
ஞாயிறு இரவு, இங்கே கரண்ட் வேறு போய்ப்போய் வருகிறது. 'ஆகுநேரம்' என்று போட்டு, முதல் இடத்தில் லேட்டன்சியும் வரையறையும் சேர்த்துவிட்டேன். மூன்று பேர் ஆதரவு, ஒருவர் மறுப்பு. ஐஓபிஎஸ்ஸுக்கு யாரும் வாய் திறக்காததால் 'நொடிக்கு இத்தனைச் செயல்' என்று விரித்தே எழுதியிருக்கிறேன்.

குன்னூர்:
மறுப்பைப் பதிவுசெய்து கொள்ளுங்கள். சுணக்கத்தை நான் கைவிடவில்லை. 'இத்தனைச் செயல்' என்பதில் ஒற்று மிகாது, அதையாவது அச்சுக்கு முன் திருத்துங்கள்.

கூடலூர்:
அக்கா, த்ரூபுட் விட்டுப்போயிற்று. 4 கேபி துண்டுகளாக நொடிக்கு 3000 படித்தால் சுமார் 12 எம்பிதான் வரும், பெரிய துண்டானால் அதே 3000க்குள் பல மடங்கு போகும். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இல்லாமல் பாடம் நிற்காது. 'செல்வீதம்' என்று போடலாமா?

கோத்தகிரி:
ஒற்றைத் திருத்திவிட்டேன் ஐயா. தம்பி, செல்வீதத்தை இப்போதைக்குப் போட்டுக்கொள்கிறேன். விவாதம் வேண்டுமானால் புதுத் தலைப்பில் தொடங்குங்கள், திங்களுக்கு அப்புறம்.