அப்பாவுக்குக் கால் எரிச்சல்: சைவச் சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை. நாள் முழுவதும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். பல வருடமாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இப்போது இரவில் பாதம் எரிகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. போன வாரம் ஒரு கால் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வாசல்வரை நடந்து வந்துவிட்டார்.

டாக்டரிடம் காட்டிவிட்டோம். வைட்டமின் பி12 குறைவு என்று ஊசி போடுகிறார். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையலாமாம். அதற்காக நாமாக நிறுத்தக் கூடாது என்றார். வெந்நீரில் கால் வைக்கவும் தடை. சூடு உறைக்காமல் தோல் வெந்துவிடும். அம்மாவுக்கு இதில்தான் பெரிய மனக்குறை.

வீட்டில் முட்டைகூடக் கிடையாது. எந்தக் கீரையிலும் பி12 இல்லை. எங்களுக்குப் பால், தயிர், மோர்தான் வழி. சாயங்காலத் தட்டுவடை செட்டை நிறுத்தச் சொன்னால் பட்டறையே சண்டைக்கு வரும்!

சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்துச் சைவமாக என்ன சமைக்கிறீர்கள்? சம்மணத்தில் முழங்காலின் வெளிப்புற நரம்பு அழுந்துகிறது என்பதால், பட்டறையில் மேசை, நாற்காலிக்கு மாறியவர்கள் இருந்தால் எப்படிப் பழகினீர்கள் என்று எழுதுங்கள். மரத்த காலுக்கேற்ற, பின்வார் வைத்த மெத்தென்ற செருப்பு சேலத்தில் எங்கே கிடைக்கும்?

லேகியம், தைல விளம்பரங்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.