இருட்டான சூப்பர் ஹீரோ படம் ஏன் இப்படி இழுக்கிறது? கொஞ்சம் உதவுங்கள்

நண்பர்களே, 2008இல் வந்த பேட்மேன் படமான ‘தி டார்க் நைட்’ பற்றி எங்கள் திரைப்படக் குழுவில் பத்து நிமிடம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். பலமுறை பார்த்த படம். ஆனால் ஏன் பிடிக்கிறது என்று எழுத உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை.

வில்லன் ஜோக்கராக வரும் ஹீத் லெட்ஜரின் நடிப்பைப் பற்றி எல்லாருமே பேசிவிட்டார்கள். அவர் மறைந்த பிறகு, 2009இல், அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது. என்னை உலுக்குவது விசாரணை அறைக் காட்சி. பேட்மேன் அடிக்க அடிக்க ஜோக்கர் சிரிக்கிறான். அத்தனை உடல் பலமும் அங்கே எதற்கும் உதவவில்லை. தன் முகத் தழும்புகளுக்கு அவன் ஆளுக்கொரு கதை சொல்கிறான், உண்மை எது என்று கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. பயம் அங்கிருந்துதான் வருகிறதா?

அப்புறம் ஜோக்கர் வெடிகுண்டு வைத்த அந்த இரண்டு படகுகள். ஒன்றில் கைதிகள், இன்னொன்றில் பொதுமக்கள். எதிர்ப் படகை வெடிக்க வைக்கும் கருவி இரு பக்கமும் இருக்கிறது, யாரும் அழுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் எனக்குக் கண் கலங்கும் இடம் அது.

முடிவில், நகரமே நம்பிய அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட் செய்த கொலைகளின் பழியை ஏற்றுக்கொண்டு நாயகன் ஓடுகிறான். வெற்றி என்று சொல்ல முடியாத இந்த முடிவு ஏன் மனதுக்கு நிறைவாக இருக்கிறது? இதற்குத்தான் எனக்குப் பதில் வேண்டும்.

உங்களைத் தொட்ட ஒரு காட்சியையும் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள். இதேபோல் இருட்டான இன்னொரு சூப்பர் ஹீரோ படமான ‘லோகன்’ பார்த்தவர்கள் இதோடு ஒப்பிட்டுச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். படம் பிடிக்காதவர்களும் சொல்லுங்கள், அதையும் கேட்க ஆசை.