குழலுக்கு இடமில்லாத பாட்டுகள்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

குழல்காரன், மதுரை:

மெல்லிசைக் குழுவில் 26 வருடமாகப் புல்லாங்குழல் வாசிக்கிறேன். போன பங்குனியில் ஒரு அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரி. பாட்டுக் கேட்டு மேடைக்கு வந்த பத்துச் சீட்டில் ஏழு புதுப் பாட்டு. பையன்கள் ஆசையாகக் கேட்கிறார்கள், வாசிக்கத்தானே போயிருக்கிறோம். அந்த ஏழு பாட்டும் முடிகிற வரைக்கும் குழலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கென்று ஒரு பிட் கூட இல்லை. வயலின்காரரும் அப்படியே. ரிதம் பேடும் கீபோர்டும்தான் ஓடின.

முன்பு ஒரு பாட்டுக்கு நோட்ஸ் எடுக்க, கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி பின்னால் சுற்றி ராத்திரி முழுக்க உட்காருவேன். பல்லவி முடிந்ததும் வயலின் கூட்டமாக எழும்பும், குழல் தனியாக ஒரு பதில் சொல்லும். பாட்டுக்கு நடுவில் வரும் இடையிசையைத்தான் பிஜிஎம் என்போம். இரண்டாவது பிஜிஎம் முதலாவது மாதிரி இருக்காது, அதற்குத் தனி நோட்ஸ். அந்தப் பிட்டைச் சுத்தமாக வாசித்துவிட்டால் சரணம் தொடங்குவதற்குள் கைதட்டல் வந்துவிடும். ஜனங்களுக்கு அதெல்லாம் மனப்பாடம்.

கணினி வந்ததுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். இளையராஜாவிடம் குழல் கலைஞர் நெப்போலியன் வாசித்ததைக் கேட்டுத்தான் குழல் எடுத்தேன். 1992-இல் ரகுமான் வந்தார். கணினியும் இருந்தது, நவீன் குமாரின் குழலும் இருந்தது. இப்போது ரீல்ஸில் முப்பது விநாடி பிடித்தால் போதும் என்று பாட்டு போடுகிறார்கள். முப்பது விநாடிக்குள் இடையிசை எங்கே வரும்?

பாட்டு டீச்சர், கும்பகோணம்:

ஆண்டு விழாவுக்கு ஒரு பெண் புதுப் பாட்டுதான் பாடுவேன் என்றாள். பல்லவியை அழகாகப் பாடினாள். அடுத்ததைப் பாடும்மா என்றேன். மறுபடி அதே நான்கு வரி. சரணம் எங்கே என்று கேட்டால், "அவ்வளவுதான் டீச்சர் பாட்டு" என்கிறாள். குழந்தைக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து வீட்டில் போட்டுக் கேட்டேன். அவள் சொன்னதுதான் சரி. மேல் ஸ்தாயி எட்டக்கூடிய குரல் அவளுக்கு. அந்தப் பாட்டில் அதற்கு ஒரு இடம் கூடக் கிடையாது.

யாழ்ப்பாணத்தான்:

அந்தக் காலத்திலும் மோசமான பாட்டுகள் வந்ததுதான், எங்களுக்கு மறந்துபோச்சு. எனக்கு மனம் நோகிறது வேற இடத்தில். நான் இலங்கை வானொலியில் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரலைக் கேட்டு வளர்ந்தனான். பாட்டுக்கு முன்னம் பாடினவர், எழுதினவர், இசையமைச்சவர் எண்டு பேர் சொல்லுவினம். போன கிழமை பேரன் காரில் ஒரு பாட்டுப் போட்டான். நடுவில் ஒரு நல்ல வரி வந்தது. ஆர் எழுதினது எண்டு கேட்டன். போனைப் பார்த்தான், பாடினவர் பேர்தான் இருந்தது. அவ்வளவு இரைச்சலுக்குள்ளும் ஒருத்தர் அந்த வரியை எழுதியிருக்கிறார். அவரை எனக்குத் தெரியாமல் போச்சு.

குழல்காரன், மதுரை:

ஐயா சொல்வது உண்மை, நல்லது எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

வருகிற சித்திரைக் கச்சேரிக்கு நேற்று போன் வந்தது. குழல் வேண்டாம், கோரஸ் பாட வர முடியுமா என்று கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். குழலையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.